புக்கிட் மேரா மேட்டில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார்

சென்ற மாதம் என் மருமகன் காரைச் சரிபார்க்க புக்கிட் மேராவில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனார். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் ஏறிக்கொண்டேன். அங்கே இருந்த மெக்கானிக் சுரேஷுக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை. ஒரு சின்னத் திரையை வைத்துக்கொண்டு, காருக்கு என்ன கோளாறு என்று காரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பழைய லாரி ஃபிட்டர் என்று மருமகன் தேவையில்லாமல் சொல்லிவைத்தார்.

"இப்பல்லாம் ரொம்ப ஈஸி அங்கிள். பிரேக்க மிதிக்காம பட்டன அமுக்கினா ஒண்ணும் நடக்காது. கியர்ல கிடந்தா ஸ்டார்ட்டே ஆகாது லா, கம்ப்யூட்டர் விடாது. உங்க காலத்துல கியர்ல இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கேப்போம்" என்றேன்.

"யாரை?"

"பக்கத்துல இருக்கிறவரை."

சுரேஷ் சிரித்தார். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார். விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் மருமகன் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்கும் நின்று கேட்க நேரமில்லை. அதனால் உட்கார்ந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு லாரிக் கம்பெனியின் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருடம் கூட்டினேன். அடுத்த இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அதற்குப் பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஆறாவது வருடம் என் சட்டைப்பைக்கு மேல் சிவப்பு நூலால் ஃபிட்டர் என்று தைத்துத் தந்தார்கள். படிப்பு அவ்வளவுதான். மீதி எல்லாம் மிஸ்டர் அருளம்பலம்.

அவர்தான் எங்கள் ஃபோர்மன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு லாரிப் பட்டறைக்கு வந்து, மாலையில் அதே வெள்ளையாக வீட்டுக்குப் போகும் மனிதரை நான் அவரைத் தவிர வேறு யாரையும் கண்டதில்லை. சத்தம் போட மாட்டார். திட்ட மாட்டார். எல்லாரையும் "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கழுத்தில் தொங்கும் கயிற்றில் ஒரு பென்சில், கையில் ஒரு ஃப்ளாஸ்க். ஃப்ளாஸ்கில் அவர் வீட்டில் போட்ட மல்லிக் கோப்பி. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வெளியில் எங்கேயும் எதுவும் குடிக்க மாட்டார். தீபாவளிக்கு முதலாளியே கையில் கொடுத்த ஆரஞ்சுத் தண்ணியை, கூட்டம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மேசையில் அப்படியே வைத்துவிட்டுப் போனவர்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது பேட்டரிச் சட்டம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். கழற்றியவன் அதன் நட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவனே வந்து திரும்பப் பூட்டும்வரை அந்த லாரிக்கு உயிர் கிடையாது. ஒரு தடவை ராஜு என்ற ஃபிட்டர் நட்டைச் சட்டைப்பையில் போட்டபடியே லீவில் ஜொகூருக்குப் போய்விட்டான். பட்டறையில் அதே அளவில் நட்டு ஒரு டின் நிறைய இருந்தது. மிஸ்டர் அருளம்பலம் விடவில்லை. லாரி மூன்று நாள் நின்றது. ராஜு திரும்பி வந்து, சலவைக்குப் போன சட்டையைத் தேடிப்பிடித்து, நட்டை எடுத்துப் பூட்டினான். "ஏன் சார், டின்ல இருக்கிறது நட்டு இல்லையா?" என்று கேட்டதற்கு, "நட்டு இருக்கு. ராஜு இல்லை" என்றார்.

இரண்டாவது நியூட்ரல் சட்டம். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் ஒருவர் "நியூட்ரலோ?" என்று உரக்கக் கேட்க வேண்டும். மற்றவர் கேபினில் ஏறி, கியர்க் கம்பியில் கையை வைத்து, இப்படியும் அப்படியுமாக மூன்று தடவை ஆட்டிப் பார்த்து, "நியூட்ரல்" என்று பதில் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்திருந்தாலும் திரும்ப ஏற வேண்டும். ஆகவே ஸ்டார்ட்டர் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், கேட்க ஒருவர், சொல்ல ஒருவர். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் "சாப்பாடோ?" "சாப்பாடு" என்று சொல்லிச் சிரிப்போம்.

இனி புக்கிட் மேராக் கதைக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நாலு பேரோடு வாடகைக்கு இருந்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் தேக்கா மார்க்கெட் எதிரே தேத்தண்ணி குடிப்பது வழக்கம். அங்கே தினமும் ஒரு காட்சி நடக்கும். பொங்கோல் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிவரும் ஒரு பழைய பெட்ரோல் லாரி மூட்டைகளை இறக்கிவிட்டு நிற்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி முன்பக்கம் வந்து, கைக்கம்பியை இன்ஜினுக்குள் செருகி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே இழுப்பில் சுழற்றுவார். சில நாள் இரண்டாவது இழுப்பில் பிடிக்கும். சில நாள் பத்தாவதில். மீன்காரர்கள் எண்ணுவார்கள். நானும் தேத்தண்ணியோடு நின்று எண்ணியிருக்கிறேன், மறைப்பானேன்.

ஒருநாள் லாரி பிடித்ததும், அந்தப் பெண் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சட்டையில் இருந்த சிவப்பு நூலைப் படித்தார்.

"அண்ணே, தெனமும் நின்னு பாக்குறீங்க. சட்டையில ஃபிட்டர்னு போட்டிருக்கு. பாத்துக்கிட்டே இருந்தா சரியாயிடுமா?"

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது.

அவர் பெயர் பார்வதி. கணவர் பெயர் வேலாயுதம். ஸ்டார்ட்டர் மோட்டார் செத்து ஏழெட்டு மாதமாகிறது. வீடு புக்கிட் மேராவில் ஒரு மேட்டுக் கம்பத்தில், பலகை வீடுகள் கொண்ட கிராமத்தில். இரவில் லாரியைச் சரிவைப் பார்க்க நிறுத்தினால் காலையில் உருட்டியே கிளப்பிவிடலாம். பொங்கோலிலும் தேக்காவிலும் சரிவு இல்லை, கைக்கம்பிதான். அந்தக் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது கை போகும். வேலாயுதம் சுற்றிப் பிடித்தார், போயிற்று. அதிலிருந்து பார்வதி.

"எனக்கு இப்ப ஆறு மாசம். போன வருசம் ஒண்ணு தங்கல. பெரியாஸ்பத்திரியில தண்ணிக் குடம்கூடத் தூக்காதேன்னாங்க. கம்பியப் பத்தி நான் சொல்லவே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கம்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மாதம் நின்று எண்ணியவன் நான்.

வேலாயுதம் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ஒரு ஸ்டார்ட்டர் தேடிப் பிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் வைத்துப் பிரித்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, மாற்றினேன். இரண்டு புஷ்ஷும் ஆட்டம், மாற்றினேன். பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தபோது மோட்டார் மேசையிலிருந்து துள்ளியது. துள்ளிய மோட்டாருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கால்சட்டை நின்றது.

"இது கம்பெனிச் சாமானோ?"

"இல்ல சார். வெளியாளுது."

"வெளி லாரி உள்ளுக்கு வரக் கூடாது."

"தெரியும் சார். ஞாயித்துக்கிழமை புக்கிட் மேராவுக்குப் போயி அவங்க வீட்டுலயே பூட்டப்போறேன்." பார்வதியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"ஆரோட போறீர்?"

"தனியாத்தான் சார்."

"அப்ப ஆர் கேக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மிஸ்டர் அருளம்பலம் வெள்ளைக் கால்சட்டையோடு, ஃப்ளாஸ்கோடு, குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். மேட்டில் ஏறி வந்து லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்னால் போய்ச் சரிவின் அடிவரை எட்டிப் பார்த்தார். பிறகு வேலாயுதம் போட்டுக் கொடுத்த நாற்காலியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பகல் முழுவதும் ஸ்பேனரைத் தொடவில்லை. கேட்பதற்கு வந்தவர், கேட்கும் நேரம் வரும்வரை காத்திருந்தார்.

லாரி சரிவைப் பார்த்து நின்றது. கைப்பிரேக் பேருக்குத்தான். வேலாயுதம் அதை இரண்டாவது கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்திருந்தார். நான் எர்த் கேபிளைக் கழற்றி நட்டைச் சட்டைப்பையில் போட்டேன். சாக்கை விரித்து அடியில் படுத்தேன். ஸ்டார்ட்டருக்கு மூன்று போல்ட். இரண்டு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது மேலே, இன்ஜினுக்கும் லாரியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பேனரை ஒரு தடவைக்கு ஒரு நூலளவுதான் திருப்பலாம். அதற்கு ஒரு மணி நேரம் போயிற்று. கடைசிச் சுற்றில் மோட்டாரை மார்பில் வாங்கினேன். இருபது காட்டிக்கு, அதாவது பன்னிரண்டு கிலோவுக்கு, மேல் இருக்கும். ஏழெட்டு மாதத்து எண்ணெய் அழுக்கும் சேர்ந்து வந்தது, பெரும்பகுதி என் வாய்க்குள்.

புது மோட்டாரைப் பூட்டுமுன், அது கடித்துச் சுழற்றும் ஃபிளைவீல் பற்களைப் பார்க்க வேண்டும். இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில்தான் நிற்கும். அங்கேயிருக்கும் பற்கள் மட்டும் தேய்ந்துபோகும். அதைப் பார்க்காமல் பூட்டினால் புது மோட்டாரும் போய்விடும். "வேலு அண்ணே, நியூட்ரல்ல போடுங்க" என்றேன். போட்டார். மிஸ்டர் அருளம்பலம் எழுந்து போய் இன்னொரு சக்கரத்துக்கும் ஒரு கல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் முன்பக்கம் கைக்கம்பியால் இன்ஜினைச் சுற்ற, வேலாயுதம் அடியில் படுத்து இடது கையால் சாக்பீஸில் குறித்தார். எட்டுப் பற்கள் தேய்ந்திருந்தன, தாங்கும். கம்பியை உருவிப் பார்வதியிடம் கொடுத்தேன். மோட்டாரை ஏற்றினேன். மூன்றாவது போல்ட்டுக்கு இன்னொரு மணி நேரம்.

மணி இரண்டிருக்கும். நல்ல வெயில். நாலு மணி நேரமாக மல்லாந்து கிடந்த எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வேலையைவிட, குடைக்கு அடியில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தது அதிக எரிச்சலாக இருந்தது. பேட்டரியைப் பூட்டினேன். கேபினில் இருந்த ஸ்டார்ட்டர் பட்டனின் வயர் இற்றுப்போயிருந்தது. அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் இன்ஜின் பக்கத்து ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் தொட்டுப் பார்ப்போம் என்று பானெட்டின் பக்கத் தகட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தேன்.

"அண்ணே, சாவியப் போடுங்க" என்றேன்.

வேலாயுதம் ஏறினார், சாவியைத் திருப்பினார், இறங்கினார். அவர் கவனமான மனிதர். மூன்று வருடமாகச் சரிவில் லாரி நிறுத்துகிறவர். கியரில் போடாமல் அந்த லாரியிலிருந்து இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. இறங்கும்போது இடது கை தானாகப் போய் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டது. போட்டது அவருக்கே தெரியாது. பட்டறை ஆளுக்கு நியூட்ரல்தான் பத்திரம். மேட்டு ஆளுக்குக் கியர்தான் பத்திரம். இரண்டு பேரும் பத்திரமாகத்தான் இருந்தோம்.

"நியூட்ரலோ?" என்றது குடை.

"நியூட்ரல் சார்."

"கை வச்சுப் பாத்தீரோ?"

"பாத்தேன் சார்."

பார்க்கவில்லை. நியூட்ரலில் போடச் சொன்னவன் நான், இன்ஜினைச் சுற்றியவன் நான், இதற்கு மேல் ஏறி இறங்கி ஆட்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்ற கொழுப்பு. பொய் சொன்னேன்.

அவர் வேறு பக்கம் பார்த்துப் பேசினார்.

"பிள்ளை, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

நான் தலையைத் தகட்டுக்கு மேலே தூக்கினேன். பார்வதி லாரிக்கு நேர் முன்னால், கையில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். லாரி கிளம்பும்போது அவர் நிற்கும் இடம் அதுதானே, பழக்கத்தில் போய் நின்றிருக்கிறார். காலையிலிருந்து பார்வதி நாலு தடவை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டும், நாலு தடவையும் வேண்டாம் என்ற மிஸ்டர் அருளம்பலம் இப்போது தானே கேட்கிறார். பார்வதிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இந்தா, ஒரு நிமிசம் ஐயா" என்று வீட்டுக்குள் போனார்.

"இப்ப தொடும்" என்றார் மிஸ்டர் அருளம்பலம்.

தொட்டேன்.

மோட்டார் அருமையாக வேலை செய்தது. ஃபிளைவீலைப் பிடித்தது, ஃபிளைவீல் கியரைப் பிடித்தது, கியர் சக்கரத்தைப் பிடித்தது. லாரி இரண்டு கல்லையும் ஏறித் தாண்டி, பார்வதி நின்றிருந்த இடத்தைக் கடந்து, ஆளில்லாமல் சரிவில் போயிற்று. போகிற வழியில் இன்ஜினும் பிடித்துக்கொண்டது. வேலாயுதம் "ஏய், ஏய்" என்று லாரியை அதட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். அடியில் இருந்த வாழைப் புதரில் புகுந்து, நாலைந்து மரத்தைச் சாய்த்துவிட்டு, லாரி அணைந்து நின்றது. முன்விளக்கு ஒன்று உடைந்தது. வேறு சேதமில்லை.

என் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது, லாரி இல்லை. மண்ணில் சக்கரத் தடத்தைப் பார்த்தேன். அதன் நடுவில் பார்வதியின் ஒற்றைச் செருப்பு, அவசரத்தில் விட்டுப்போனது, தட்டையாகக் கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பார்வதி தேத்தண்ணியோடு வந்து, லாரி இருந்த இடத்தைப் பார்த்து, கீழே பார்த்து, "ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை. நல்லா ஸ்டார்ட் ஆகுது" என்றார் மிஸ்டர் அருளம்பலம். எழுந்து இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக்கொண்டார். பார்வதி கணவரைப் பார்க்கச் சரிவில் மெல்ல இறங்கிப் போனார்.

பிறகு நாங்களும் இறங்கினோம். வாழைமரத்துக்கு நடுவில் நின்று அவர் மறுபடி கேட்டார், "நியூட்ரலோ?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் ஏறி, கையை வைத்து, மூன்று தடவை ஆட்டினேன். நாலாவது தடவையும் ஆட்டினேன். "நியூட்ரல் சார்" என்றேன். முதல் தொடுதலிலேயே பிடித்தது. பட்டன் வயரை மாற்றிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் ஃப்ளாஸ்கைத் திறந்து மல்லிக் கோப்பியை ஊற்றிக் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் கை வைக்கலன்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

"கை வச்சுப் பாக்கிறவன் கொஞ்சம் பிந்தித்தான் சொல்லுவான். ஏற வேணும், ஆட்ட வேணும். நீர் நான் கேட்டு முடிக்க முதலே சொல்லிப்போட்டீர்."

"அப்ப என்னைத் தடுத்திருக்கலாமே சார்."

"பாத்தனெண்டு சொன்னீரே. வீட்டுக்காரருக்கு முன்னால உம்மைப் பொய்யன் எண்டு சொல்லலாமோ?" மூடியைத் திருகினார். "கீழ வாழைதான். வந்தவுடன நான் பாத்தனான். பிள்ளைதான் நிக்கக் கூடாத இடத்தில நிண்டது."

அவ்வளவுதான் சொன்னார். தேக்கா வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் ஃப்ளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. "நியூட்ரலோ?" என்று கேட்டார், நான் ஏறிப் பார்த்து "நியூட்ரல்" என்றேன். உடனே அவரும் நடந்து வந்து, ஏறி, தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். மற்ற ஃபிட்டர்கள் சொன்னால் அவர் ஏறுவதில்லை. எனக்கு மட்டும். ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. வெள்ளைக் கால்சட்டையோடு ஒவ்வொரு தடவையும் ஏறினார். ஒருநாள் நான் "நியூட்ரல்" என்றேன், அவர் நின்ற இடத்திலேயே நின்று "சரி, தொடும்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை என் மனைவியிடம் சொன்னதில்லை.

அந்த வருடக் கடைசியில் பார்வதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தேக்காவில் லாரி பட்டனில் கிளம்பியது. மீன்காரர்களுக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பார்வதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்பவரிடமெல்லாம் ஒரு கதை சொல்வார். பிற்பாடு மகள் கல்யாணத்திலும், பேரன் பிறந்த வீட்டிலும் அதே கதைதான். "வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்காத பெரிய மனுசர். முதலாளி குடுத்தே குடிக்கல. எங்க வீட்டுல வாய் விட்டுக் கேட்டு, ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு. காலிக் கிளாஸ நான்தான் எடுத்தேன்."

நான் பக்கத்தில் இருந்தால் என்னைச் சாட்சிக்கு இழுப்பார். "ஆமா" என்பேன். வேறென்ன சொல்ல? ஏன் கேட்டார் என்று சொன்னால், பார்வதி எங்கே நின்றார் என்றும் சொல்ல வேண்டும். என் பொய்யையும் சொல்ல வேண்டும். மிஸ்டர் அருளம்பலம் போய்ப் பல வருடமாகிறது. பார்வதியும் சென்ற ஆண்டு தவறிவிட்டார். இனி சொல்லலாம்.

அன்று பார்வதி சரிவில் இறங்கிப் போனதும், மிஸ்டர் அருளம்பலம் அந்தக் கிளாஸை என்னிடம் நீட்டினார். "உமக்குக் கை நடுங்குது. நீர் குடியும்" என்றார். பார்வதி போட்ட தேத்தண்ணியில் சீனி அதிகம். ஒரு சொட்டு விடாமல் குடித்தவன் நான்.